பொறியியல் நிறுவனங்களின் உயர் மேலாளர்கள் எந்தத் துறையிலிருந்து மேலே வருகிறார்கள்?

ராபாலே பொறியாளர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். மும்பையின் பொறியியல் நிறுவனங்களில் பணிபுரிகிறவர்களும், பணிபுரிந்து ஓய்வு பெற்றவர்களும் இங்கே பலர் எழுதுவதால் இந்தக் கேள்வியை முன்வைக்கிறேன்.

தாணே–பேலாப்பூர் சாலையில், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கும் மின் நிலையங்களுக்கும் வால்வு செய்துகொடுக்கும் நடுத்தர நிறுவனம் ஒன்றில் நான் உற்பத்திப் பிரிவில் இருக்கிறேன். திருநெல்வேலியில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, பயிற்சியாளராக இங்கே சேர்ந்து, வேலை பார்த்துக்கொண்டே, இந்தியப் பொறியாளர் கழகத்தின் பட்டநிலைத் தேர்வான ஏ.எம்.ஐ.இ. எழுதித் தேறினேன். இப்போது அசெம்பிளியும் டெஸ்டிங்கும் என் பொறுப்பில் உள்ளன.

நிர்வாகம் எனக்கு இரண்டு வழிகளைக் காட்டியிருக்கிறது. குஜராத்தில் தொடங்கவிருக்கும் புதிய ஆலையில் உற்பத்தித் திட்டமிடல் பிரிவுக்குத் தலைமை ஏற்கலாம். அல்லது அந்தேரியில் உள்ள தலைமை அலுவலகத்தில் டெண்டர், ஒப்பந்தப் பிரிவுக்கு மாறலாம். இரண்டாவதை ஏற்றால், இப்போதுள்ள பதவியைவிட ஒரு படி கீழேயிருந்து தொடங்க வேண்டியிருக்கும். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

முடிவெடுப்பதற்கு உதவியாக இருக்கும் என்று, பெரிய பொறியியல் நிறுவனங்களின் உயர் மேலாளர்கள் என்ன படித்தார்கள், எந்தத் துறையில் தொடங்கினார்கள் என்பதை இணையதளங்களில் தேடிப் படித்துவருகிறேன். ஆனால் அந்த அறிமுகக் குறிப்புகள் எல்லாம் ஒரே வார்ப்பில் இருக்கின்றன. பட்டம், கல்லூரி, முப்பது ஆண்டு அனுபவம், வகித்த பதவிகள் என்று முடிந்துவிடுகின்றன. பட்டறையில் இருந்த ஒருவர் எந்தக் கட்டத்தில், எதனால் நிர்வாகத்துக்குள் வந்தார் என்பது அவற்றிலிருந்து தெரிவதில்லை. உற்பத்தியிலிருந்து வந்தவர்கள் அதிகமா, விற்பனையிலிருந்தா, நிதித் துறையிலிருந்தா? டிப்ளமோவில் தொடங்கியவருக்கு ஏதாவது ஒரு கட்டத்தில் கதவு அடைபட்டுவிடுமா? ஒரே நிறுவனத்தில் நீடிப்பது நல்லதா, மாறிச் செல்வது நல்லதா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

முலுண்ட் வாசகர்

தம்பிக்கு வணக்கம். அழுத்தக் கலன்களும் வெப்பப் பரிமாற்றிகளும் செய்யும் தொழிற்கூடங்களிலேயே என் பணிக்காலம் கழிந்தது. அந்த அனுபவத்தை வைத்து எழுதுகிறேன்.

மும்பையில் இருந்துகொண்டு லார்சன் அண்ட் டூப்ரோ என்ற எல் அண்ட் டியை விட்டுவிட்டு இந்த விஷயத்தைப் பேச முடியாது. அதைத் தொடங்கிய ஹென்னிங் ஹோல்க்-லார்சன், சோரன் டூப்ரோ இருவருமே பொறியாளர்கள், டென்மார்க்கின் எஃப்.எல். ஸ்மித் நிறுவனத்துக்காக சிமென்ட் இயந்திர வேலையாக இந்தியாவுக்கு வந்து, 1938இல் பம்பாயில் தங்களுக்கென்று ஒரு கூட்டு நிறுவனத்தை ஆரம்பித்தவர்கள். ஏ.எம். நாயக், குஜராத்தின் வல்லப் வித்யாநகரில் உள்ள பிர்லா விஸ்வகர்மா மகாவித்யாலயாவில் மெக்கானிக்கல் படித்து, முதலில் ஒரு பாய்லர் நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு, 1965இல் இளநிலைப் பொறியாளராக எல் அண்ட் டியில் சேர்ந்தார். 1999இல் அதன் தலைமைச் செயல் அதிகாரி ஆனார். அவருக்குப் பின் 2017இல் அந்தப் பொறுப்புக்கு வந்த எஸ்.என். சுப்ரமணியன் சென்னைக்காரர், குருக்ஷேத்திரத்தில் சிவில் படித்து, புனே சிம்பயாசிஸில் மேலாண்மை முடித்து, 1984இல் திட்டமிடல் பொறியாளராகச் சேர்ந்தவர்.

நீங்கள் படித்த குறிப்புகளிலும் இவ்வளவுதான் இருந்திருக்கும். இவற்றில் பட்டத்தையும் கல்லூரியையும் தள்ளிவைத்துவிட்டு, நடுவில் உள்ள ஆண்டுகளைப் பாருங்கள். நாயக்கின் கையில் கனரகப் பொறியியல் தொழில் இருந்தது. குஜராத்தின் ஹசீரா தொழிற்கூடம் உருவானதில் அவருடைய பங்கு பெரிது. சுப்ரமணியன் கையில் சென்னை மணப்பாக்கத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கட்டுமானத் தொழில் இருந்தது. ஒருவர் மெக்கானிக்கல், மற்றவர் சிவில். ஒருவர் பட்டறை வழியாகவும் மற்றவர் திட்டமிடல் வழியாகவும் வந்தவர்கள். ஆனால் இருவருமே உச்சிக்கு வருவதற்கு முன், ஆர்டர் பிடிப்பதில் தொடங்கிக் கடைசித் தவணைப் பணம் வசூலாகும் வரை ஒரு தொழிலை முழுதாக நடத்திக்காட்டியவர்கள். லாப நஷ்டப் பொறுப்பு என்று நாம் சொல்வது இதைத்தான். அந்தப் பொறுப்பு முதன்முதலில் எப்போது, எவ்வளவு பெரியதாகக் கிடைத்தது என்பதுதான் ஒருவருடைய பணி வரலாற்றில் முதலில் தேட வேண்டியது.

பட்டறையில் இருப்பவருக்கு இது ஏன் எளிதில் கிடைப்பதில்லை என்பதை உங்கள் வேலையை வைத்தே சொல்கிறேன். வால்வின் உடல் கசிகிறதா என்று பார்க்கும் ஷெல் டெஸ்டில், வால்வின் அழுத்த வரம்பைப் போல் ஒன்றரை மடங்கு தண்ணீர் அழுத்தம் ஏற்றி நிறுத்தியிருக்கிறீர்கள். பானெட் என்ற மேல்மூடிக்கு அடியில், கசிவைத் தடுக்க வைக்கும் கேஸ்கெட்டில் கசிவு தெரிகிறது. உங்களைப் பொறுத்தவரை அது கேஸ்கெட்டை மாற்றி, போல்ட் இறுக்கத்தைச் சரிபார்த்து, மறுபடியும் டெஸ்ட் எடுக்க வேண்டிய வேலை. ஆனால் அதே கசிவால், பார்த்துவிட்டுப் போன மூன்றாம் தரப்பு ஆய்வாளர் மறுபடி வர ஒரு வாரமாகிறது. மாதக் கடைசி பில் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகிறது. வாரத்துக்கு அரை சதவீதம், அதிகபட்சம் 5 சதவீதம் என்று பல கொள்முதல் ஒப்பந்தங்களில் இருக்கும் தாமத அபராதம் ஓடத் தொடங்குகிறது. பணம் வராததால் வங்கிக் கடனுக்கு வட்டி ஏறுகிறது. அலுவலகத்தில் இருப்பவருக்கு அபராதம் தெரியும், கேஸ்கெட் தெரியாது. உங்களுக்கு கேஸ்கெட் தெரியும், அபராதம் தெரியாது. இரண்டும் ஒருசேரத் தெரிந்தவரைத்தான் நிர்வாகம் மேலே தூக்கிவிடுகிறது. அப்படிப்பட்டவர்கள் எந்த நிறுவனத்திலும் மிகக் குறைவு.

ஆகவே, அசெம்பிளியும் டெஸ்டிங்கும் கைவந்த நீங்கள் இன்னொரு முறை உற்பத்தித் திட்டமிடலுக்குள்ளேயே போவதைவிட ஒப்பந்தப் பிரிவுக்குப் போவது மேல் என்பது என் கருத்து. ஒரு படி இறங்குவது சில ஆண்டுகளில் மறைந்துபோகும். உங்களைத் தவிர வேறு யாருக்கும் அது நினைவில் இருக்காது.

மாட்டுங்கா வாசகி

நான் ஒரு பட்டியலிடப்பட்ட நிறுவனத்தின் கம்பெனி செயலாளர் பிரிவில் பணிபுரிகிறேன். இணையதளக் குறிப்புகளில் ஒன்றும் தெரியவில்லை என்று கேள்வி கேட்டவர் சொல்வது சரிதான். அவை விளம்பரத்துக்காக எழுதப்படுபவை. ஆனால் சட்டப்படி வெளியிட வேண்டிய விவரங்கள் வேறு இடத்தில் இருக்கின்றன. பலருக்கு அந்த இடம் தெரிவதில்லை.

கம்பெனிகள் சட்டம் 2013இன் 197ஆவது பிரிவு, அதன் கீழ் 2014இல் வந்த நியமன, ஊதிய விதிகளில் 5ஆவது விதி ஆகியவற்றின்படி, அதிக ஊதியம் பெறும் முதல் பத்து ஊழியர்களைப் பற்றியும், ஆண்டு முழுவதும் பணியாற்றி 1.02 கோடி ரூபாய்க்குக் குறையாமல் ஊதியம் பெறுபவர்களைப் பற்றியும் இயக்குநர் குழு அறிக்கையோடு ஓர் இணைப்பு இருக்க வேண்டும். அதில் பதவி, ஊதியம், கல்வித் தகுதி, அனுபவம், பணியில் சேர்ந்த தேதி, வயது, இதற்கு முன் கடைசியாக வேலை பார்த்த இடம் ஆகியவை வரிசையாக இருக்கும். பெரும்பாலான நிறுவனங்கள் இந்த இணைப்பை ஆண்டறிக்கையோடு அச்சிட்டு அனுப்புவதில்லை; கேட்கும் பங்குதாரருக்குத் தருவோம் என்று ஒரு வரி எழுதியிருப்பார்கள். ஒரே ஒரு பங்கு வைத்திருப்பவரும் கம்பெனி செயலாளருக்கு எழுதி அதைப் பெறலாம்.

அந்தப் பட்டியல் கையில் கிடைத்தால் முதலில் இரண்டு நெடுவரிசைகளை ஒப்பிடுங்கள்: பணியில் சேர்ந்த தேதியும், கடைசியாக வேலை பார்த்த இடமும். வயதிலிருந்து, பணியில் சேர்ந்து ஆன ஆண்டுகளைக் கழித்துப் பார்த்தால், இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதில் பயிற்சியாளராகச் சேர்ந்து அங்கேயே வளர்ந்தவர் யார், நாற்பத்தைந்து வயதில் வெளியிலிருந்து அழைத்துவரப்பட்டவர் யார் என்பது உடனே தெரிந்துவிடும். ஒரே நிறுவனத்தின் நான்கைந்து ஆண்டுப் பட்டியல்களை அடுக்கி வைத்துப் பார்த்தால், அந்த நிறுவனம் தன் ஆட்களை வளர்க்கிறதா, வெளியே தேடுகிறதா என்பதைப் பற்றி எந்த மனிதவளத் துறை அதிகாரியும் சொல்லாததை அது சொல்லும். ஆண்டறிக்கையின் நிறுவன ஆளுமைப் பகுதியிலும், இயக்குநர் குழுவுக்கு அடுத்த நிலையில் உள்ள உயர் மேலாளர்கள் யார், அந்த ஆண்டில் யார் மாறினார்கள் என்பது இருக்கும்.

நிதித் துறையைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். பொறியியல் நிறுவனம் என்றால் பொறியாளர்தான் தலைமைக்கு வருவார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சீமென்ஸ் லிமிடெட்டின் தலைமைப் பொறுப்பை 2014 ஜனவரியில் ஏற்ற சுனில் மாத்துர் ஒரு சி.ஏ.; 1987இல் சீமென்ஸில் சேர்ந்து, ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் பணியாற்றி, இங்கே நிதித் தலைவராக இருந்துவிட்டு அந்தப் பொறுப்புக்கு வந்தார். எல் அண்ட் டியின் நிதித் தலைவர் பொறுப்புக்கு வந்த ஆர். சங்கர் ராமனும் சி.ஏ.தான், 1994இல் எல் அண்ட் டி ஃபைனான்ஸ் உருவாக்கப்பட்டபோது குழுமத்துக்குள் வந்தவர். இவர்கள் கணக்கு எழுதுவதோடு நின்றவர்கள் அல்லர். எந்தத் திட்டத்தை ஏற்பது, எதை விடுவது என்று முடிவெடுக்கும் மேசையில் நெடுங்காலம் இருந்தவர்கள்.

விற்பனையில் தொடங்கிய பொறியாளருக்கும் நல்ல உதாரணம் உண்டு. டாட்டா ஸ்டீலின் டி.வி. நரேந்திரன் திருச்சி ஆர்.இ.சி.யில் (இன்றைய என்.ஐ.டி.) மெக்கானிக்கல் படித்து, கல்கத்தா ஐ.ஐ.எம். முடித்து, 1988இல் அந்த நிறுவனத்தின் பன்னாட்டு வணிகப் பிரிவில் சேர்ந்தார். பின்னர் சிங்கப்பூரில் அதன் துணை நிறுவனமான நாட்ஸ்டீலை நடத்தினார். 2013இல் தலைமைக்கு வந்தார். முலுண்ட் ஐயா சொன்ன முழுத் தொழில் பொறுப்பு இவருக்கு சிங்கப்பூரில் கிடைத்தது என்று நான் புரிந்துகொள்கிறேன். தலைமையகத்திலிருந்து தொலைவில் இருக்கும் துணை நிறுவனத்துக்கு அனுப்புகிறார்கள் என்றால் பலர் ஒதுக்கப்பட்டதாக வருந்துகிறார்கள். அது வருந்த வேண்டிய விஷயம் அல்ல.

குடும்பத்தினர் நடத்தும் நிறுவனங்களின் கணக்கு வேறு. அங்கே தலைமை இருக்கை குடும்பத்துக்கே என்றாலும், அதற்கு அடுத்த வரிசை திறந்தே இருக்கிறது.

தில்லி மயூர் விஹார்

பொதுத்துறையைப் பற்றி யாரும் சொல்லாததால் எழுதுகிறேன். பாரத் ஹெவி எலெக்ட்ரிக்கல்ஸ் (பெல்) போன்ற நிறுவனங்களில் மேலே செல்லும் பாதை முற்றிலும் வேறு விதமானது. இயக்குநர்களையும் தலைவரையும் நிறுவனம் தேர்ந்தெடுப்பதில்லை. 1987இல் ஏற்படுத்தப்பட்ட பொதுத்துறை நிறுவனங்கள் தேர்வு வாரியம், லோதி சாலை சி.ஜி.ஓ. வளாகத்தில் நேர்காணல் நடத்திப் பரிந்துரைக்கிறது. அதன்பின் கண்காணிப்பு ஆணையத்தின் ஒப்புதல், அமைச்சரவையின் நியமனக் குழுவின் ஒப்புதல் என்று கோப்பு நகர்கிறது. ஓய்வு வயது 60. பதவி காலியாகும் நாளில் உள்ளிருந்து விண்ணப்பிப்பவருக்கு இரண்டு ஆண்டுகளும் வெளியிலிருந்து வருபவருக்கு மூன்று ஆண்டுகளும் பணிக்காலம் மிச்சம் இருக்க வேண்டும் என்பதால், திறமையோடு பிறந்த ஆண்டும் ஒருவருடைய உயர்வைத் தீர்மானிக்கிறது. உரிய பதவிக்கு ஓராண்டு தாமதமாக வந்து சேர்ந்ததால் மட்டுமே இயக்குநர் ஆக முடியாமல் போனவர்களை இங்கே யாரும் அறிவர்.

மாட்டுங்கா அம்மையார் சொன்ன ஊதியப் பட்டியல் அரசு நிறுவனங்களில் கிடைக்காது. 197ஆவது பிரிவிலிருந்து அவற்றுக்கு 2015இல் விலக்கு அளிக்கப்பட்டுவிட்டது. அதற்குப் பதிலாகத் தேர்வு வாரியம் தன் இணையதளத்தில் வெளியிடும் பதவி விளம்பரங்களைப் படியுங்கள். என்ன படிப்பு, எந்தத் துறையில் எத்தனை ஆண்டு அனுபவம் என்று ஒவ்வொரு இயக்குநர் பதவிக்கும் தெளிவாக எழுதியிருப்பார்கள்.

டிப்ளமோவில் தொடங்கியவர் உயர முடியுமா என்ற கேள்விக்கு நான் வி. கிருஷ்ணமூர்த்தியைத்தான் நினைத்துக்கொள்வேன். 1925இல் தஞ்சை மண்ணின் கருவேலி கிராமத்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமானதளங்களில் தொழில்நுட்பப் பணியாளராகத் தொடங்கி, சென்னை மாகாண மின்சாரத் துறை, திட்டக் குழு என்று வந்து, திருச்சி பெல் ஆலையை நடத்தி, 1972இல் பெல்லின் தலைவர் ஆனார். அதன்பின் மாருதி, அதன்பின் அரசின் உருக்கு நிறுவனமான செயில். ஒரு மனிதர் மூன்று பெரிய பொதுத்துறை நிறுவனங்களைத் தூக்கி நிறுத்திய வரலாறு இந்த நாட்டில் வேறொன்று இல்லை என்றே நான் நம்புகிறேன். தமிழ் இளைஞர்களுக்கு அவரைப் பற்றி நாம் போதிய அளவு சொல்லவில்லை என்ற வருத்தமும் எனக்கு உண்டு. திருச்சியில் ஆலை, நகரியம், பணியாளர் தேர்வு என்று எல்லாவற்றையும் ஒருவரே கட்டி எழுப்ப வேண்டியிருந்தது. முலுண்ட் வாசகர் சொன்ன முழுப் பொறுப்பு என்றால் அதுதான்.

ஏ.எம்.ஐ.இ. பற்றி ஒரு எச்சரிக்கை. 2013 மே 31ஆம் தேதி வரை பதிவு செய்தவர்களுக்கே அந்தத் தேர்ச்சி மத்திய அரசு வேலைகளில் பட்டத்துக்கு இணையாகக் கொள்ளப்படுகிறது. தனியார் நிறுவனத்தில் அவ்வளவாகப் பார்க்கமாட்டார்கள். ஆனால் எதிர்காலத்தில் பொதுத்துறைக்கு வர எண்ணம் இருந்தால் உங்கள் பதிவுத் தேதியை எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பீன்யா பெங்களூரு

முலுண்ட் வாசகரின் கருத்தை மதிக்கிறேன். ஆனால் ஒன்றில் வேறுபடுகிறேன். அவர் காட்டிய உதாரணங்கள் எல்லாம் ஒரே நிறுவனத்தில் முப்பது ஆண்டுகள் இருந்தவர்கள். வெளியிலிருந்து வந்து தலைமை ஏற்பவர்களும் உண்டு. ஜெனரல் எலெக்ட்ரிக்கில் ஜாக் வெல்ச் 1960இல் வேதிப் பொறியாளராகச் சேர்ந்து அங்கேயே தலைவர் ஆனார். அதே நிறுவனம் 2018இல் லாரி கல்ப்பை வெளியிலிருந்து கொண்டுவந்தது. அவர் பொருளாதாரம் படித்தவர், பொறியாளர் அல்லர். டனாஹர் நிறுவனத்தை நடத்திவிட்டு வந்தவர். ஆனாலும் பட்டறைக்குள் இறங்கி வேலை நடக்கும் முறையைச் சீர்செய்வதில் பெயர் பெற்றவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, பெங்களூரில் உள்ள பன்னாட்டு நிறுவனங்களில் பிரிவுத் தலைவர் என்ற பதவிப் பெயரை மட்டும் நம்பிவிடக் கூடாது. விலை ஜெர்மனியிலோ சுவிட்சர்லாந்திலோ தீர்மானிக்கப்படும். வடிவமைப்பும் அங்கேயே இருக்கும். இங்கே இருப்பவர் செய்துகொடுப்பார் அல்லது விற்பார். பணி வரலாற்றில் அது லாப நஷ்டப் பொறுப்பு என்று எழுதப்பட்டிருந்தாலும், விலையைக் கூட்டவும் குறைக்கவும் தனக்கு அதிகாரம் இருந்ததா என்று அவரிடமே கேட்டால்தான் உண்மை தெரியும்.

ராபாலே பொறியாளர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நான் தேடியது இதைத்தான். என் ஏ.எம்.ஐ.இ. பதிவு அந்தத் தேதிக்கு முந்தையதுதான் என்று சரிபார்த்துக்கொண்டேன்.

முலுண்ட் ஐயாவிடம் மேலும் ஒன்று கேட்க விரும்புகிறேன். எங்கள் நிறுவனத்தில் ஒப்பந்தப் பிரிவின் வேலை ஆர்டர் கையில் கிடைப்பதோடு முடிந்துவிடுகிறது. அதன்பின் திட்ட நிர்வாகப் பிரிவு எடுத்துக்கொள்கிறது. அப்படியானால் நான் பட்டறை என்ற ஒரு துண்டிலிருந்து டெண்டர் என்ற இன்னொரு துண்டுக்குத்தானே போகிறேன்? முழுத் தொழில் என்பது எனக்கு எப்படிக் கிடைக்கும்?

முலுண்ட் வாசகர்

சரியான கேள்வி. பதவிப் பெயரை ஏற்றுக்கொண்டு, வேலையின் எல்லையைப் பேசி மாற்றுங்கள். நீங்கள் மதிப்பீடு செய்து பிடித்த ஆர்டர்களில் ஓரிரண்டையாவது, ஆலையில் வால்வுகள் பொருத்தப்பட்டு, பொருள் சரியாக இயங்கும் என்பதற்குப் பிணையாகக் கொடுத்த செயல்திறன் வங்கி உத்தரவாதம் திரும்பி வரும் வரை நீங்களே பார்ப்பதாகக் கேளுங்கள். மதிப்பிட்ட செலவுக்கும் ஆன செலவுக்கும் எங்கே இடைவெளி விழுந்தது என்பதை ஒரே ஓர் ஆர்டரில் கடைசி வரை பார்த்தவருக்கு, அடுத்த டெண்டரில் எங்கே விலை இறக்கலாம், எங்கே இறக்கக் கூடாது என்பது யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும்.

அதைவிட முக்கியமானது, உதிரி பாகங்களும் பராமரிப்புச் சேவையும். வால்வு நிறுவனத்தில் அது சின்னப் பிரிவு. யாரும் அதற்குப் போட்டியிடுவதில்லை. ஆனால் சீட் ரிங், ஸ்டெம், கேஸ்கெட், பேக்கிங் ஆகியவற்றுக்கு விலை வைப்பது, கையிருப்பு பிடிப்பது, ஆலைகள் பராமரிப்புக்காக நிறுத்தப்படும் காலத்தில் ஆள் அனுப்புவது, பணம் வசூலிப்பது என்று முழு வட்டமும் அதற்குள் இருக்கிறது. விலை வைக்கும் அதிகாரமும் பெரும்பாலும் உள்ளூரிலேயே இருக்கும். பீன்யா நண்பர் எழுப்பிய சந்தேகத்துக்கு அங்கே இடமில்லை. புது வால்வு விற்பனையைவிட அதில் லாப விகிதமும் கூடுதல். ஒப்பந்தப் பிரிவில் நிலைகொண்ட பிறகு அந்தப் பிரிவைத் தனியாக நடத்தக் கேளுங்கள்.

மாட்டுங்கா வாசகி

இதை வாய்ப்பேச்சோடு விட வேண்டாம். எந்த ஆர்டர்கள், எந்தக் கட்டம் வரை உங்கள் பொறுப்பு, உதிரி பாகப் பிரிவு எப்போது பரிசீலிக்கப்படும் என்பவை உங்கள் மாற்றல் கடிதத்தில் இடம்பெற வேண்டும். மேலதிகாரி மாறிப்போனால் வாக்குறுதியும் அவரோடு போய்விடும். மாதக் கடைசிக்கு முன்பே வரைவுக் கடிதத்தைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டு, பிறகு சம்மதம் சொல்லுங்கள்.